அத்தானின் மதிலை உடைத்தது

பாதை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னது என் அக்கா. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

புல் எப்படி வெட்டுவது, தண்ணீர்க் கான் எப்படித் தோண்டுவது என்று எழுதப் போவதில்லை. அதெல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். ஒரு காரியம் திடீரென்று வந்து எதிரில் நிற்கும்போது என்ன முடிவு எடுப்பது என்பதுதான் கஷ்டம். எனக்கு இரண்டு தடவை அப்படி வந்தது.

முதலில் காணியைச் சொல்ல வேண்டும். கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையை ஒட்டி, அப்பா வாங்கிய காணி. தோட்டத்து ஆட்கள் இருக்கிற லயத்தில் பிறந்த மனுஷன் சொந்தமாகக் காணி வாங்கினார் என்பதே அந்த நாளில் பெரிய பேச்சு. காணியின் நடுவால் ஒரு பழைய பாதை போகிறது. தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்துப் பாதை. கல் படி, மலைப் பக்கம் தண்ணீர் போகக் கான், பள்ளப் பக்கம் பாதையைத் தாங்கும் கல் மதில். மதிலில் சுண்ணாம்பு கிடையாது. கல்லின் மேல் கல், அவ்வளவுதான். பொதி மாடுகள் போன வழி என்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் நடந்து ஏறிய வழி என்பார்கள். யார் நடந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. மற்ற இடங்களில் றோட்டு வெட்டியும் வீடு கட்டியும் அந்தப் பாதை அழிந்து போனது. எங்கள் காணிக்குள் மட்டும் மிச்சம். அப்பா அதன் மேல் எதுவும் நடவில்லை. நானும் நடவில்லை.

அப்பா போன பிறகு காணி இரண்டானது. மேல் பாதி அக்காவுக்கு, கீழ்ப் பாதி எனக்கு. பாதையும் அப்படியே இரண்டானது. மேல் துண்டு பார்க்க அழகு. அகலமான படி, உயரமான மதில், அங்கே நின்றால் ஹந்தானை மலை முழுசாகத் தெரியும். என் துண்டு பள்ளத்தில் இறங்கும். படி குறுகல், வெளிச்சம் குறைவு, அட்டை அதிகம். யாரையும் குறை சொல்ல முடியாது. சீட்டுப் போட்டோம், அப்படி விழுந்தது.

அக்கா கல்யாணம் முடித்தது கண்டியில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்தவரை. குண்டசாலையில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் அங்கே இருந்த காலம் முழுக்க மேல் துண்டையும் நான்தான் துப்புரவு செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. சொல்லிச் செய்கிற வேலையா அது.

பிறகு அத்தான் கடை வேலையை விட்டார். மேல் காணியில் வீடு கட்டிக் குடிவந்தார். வந்து கொஞ்ச நாளிலேயே பாதை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பேராதனை யுனிவர்சிட்டியில் படிக்கிற பிள்ளைகள். பிறகு வெள்ளைக்காரர்கள். அத்தான் துணிக்கடையில் சேலையை உதறி விரிப்பது போல அந்தப் பாதையை அவர்களுக்கு முன்னால் விரிப்பார்.

"காலை இந்தக் கல்லுல வைங்க. வச்சாச்சா? இப்ப நீங்க நிக்கிறது எங்க பாட்டன் நின்ன இடம்."

அவருடைய பாட்டன் கண்டி டவுனில் சுருட்டு விற்றவர். இந்தப் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை.

ஒரு பத்திரிகையில் அத்தானின் படம் வந்தது. பாதையைக் காத்த விவசாயி என்று கீழே போட்டிருந்தது. தோளில் மம்பட்டியோடு நின்றார். அது என் மம்பட்டி. காலையில் வந்து இரவல் கேட்டபோது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

காணி எல்லையில் ஒரு பலா மரம் நிற்கிறது. வருகிறவர்கள் அந்த மரம் வரைக்கும் இறங்குவார்கள். பிறகு திரும்பி மேலே போய்விடுவார்கள். என் துண்டை எட்டியும் பார்ப்பதில்லை. நான் கீழே போஞ்சிக்குக் கொடி கட்டிக்கொண்டிருப்பேன். மேலே கைதட்டுகிற சத்தம் வரும்.

"கேக்குதா?" என்பாள் என் மனைவி.

"கேக்குது."

"போஞ்சிக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க. கயிறை இழுத்துக் கட்டுங்க."

எனக்கு வயிறு எரியும். அதை மறைத்து எழுதினால் இனிச் சொல்லப் போவது உங்களுக்கு விளங்காது. அதனால் எழுதிவிட்டேன்.

இனி முதலாவது காரியம். பெக்கோ வந்தது.

கீழே பள்ளத்தில் ஒருவர் விடுதி கட்டினார். அதற்கு லொறி இறங்க வழி வேண்டும் என்று ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்திருந்தார். அந்த ஆள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு காலையில் சத்தம் கேட்டு ஓடிப் போனேன். மண் வெட்டுகிற மெஷின் என் காணிக்குள் ஏறி, பாதையின் கடைசிப் படிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

அதுதான் பிழை. மம்பட்டி என் கையில் எப்போதும் இருப்பது. எனக்கு அது கை மாதிரி. ஆனால் மெஷின் ஓட்டின சிங்களப் பையனுக்கு அது வெட்ட வந்தவன் கையில் இருக்கிற ஆயுதம். அவன் பயந்து போனான். போனை எடுத்துக் கொந்தராத்துக்காரரோடு பேசினான். அந்த ஆள் பொலிசைக் கூப்பிடுவதாகக் கத்துவது எனக்கே கேட்டது. எனக்குக் காட்டுச் சிங்களம்தான் வரும். கோபத்தில் அதுவும் வரவில்லை. நான் அசையாமல் நின்றேன். அவன் எஞ்சினை நிறுத்தாமல் இருந்தான். இரும்புக் கை படியின் மேலே தூக்கின மாதிரியே நின்றது.

அத்தான் மேலேயிருந்து இறங்கி வந்தார். கையில் தட்டு. தட்டில் தேத்தண்ணி, சீனி, பிஸ்கட். என்னைப் பார்க்கவே இல்லை.

"மல்லி, எறங்குங்க. காலையில சாப்பிட்டீங்களா?" என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி.

பையன் இறங்கினான். அத்தான் அவன் ஊரைக் கேட்டார். அந்த ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்து சேலை எடுத்த கதையைச் சொன்னார். அந்த ஆள் மனைவிக்கு நிறம் பிடிக்காமல் மாற்ற வந்த கதையையும் சொன்னார். பையன் சிரித்தான். பிறகு அத்தான் படியைக் காட்டினார்.

"பொதி மாட்டைத் தெரியுமா? ராசா காலத்துல ஒங்க ஊர்லேருந்து பாக்கும் மிளகும் ஏத்தி இதாலதான் போயிருக்கு. ஒங்க பாட்டன்ட மாடு மிதிச்ச கல்லு இது. இதையா தோண்டப் போறீங்க?"

உண்மையா என்று எனக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. பையன் குனிந்து கல்லைத் தொட்டான். போனில் படம் எடுத்தான். கொந்தராத்துக்காரருக்குத் திரும்பவும் போன் பண்ணினான். இந்தப் பக்கம் பாறை இருக்கிறது, வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டு மெஷினைப் பின்னால் எடுத்தான். பொலிசும் வரவில்லை. லொறி வழி வேறு பக்கத்தால் போனது.

பையன் போன பிறகு அத்தான் என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, மம்பட்டியைக் கீழ வைங்க. கை வலிக்கப் போகுது."

மம்பட்டியைக் கீழே வைத்தேன். பாதை தப்பினது. அதுவும் அவருடைய துண்டு இல்லை, என் துண்டு. என் துண்டையும் அவர்தான் காப்பாற்றினார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இது. யாராவது கல்லில் கை வைக்க வந்தால் வெறும் கையோடு போங்கள். பேசத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் இருக்கலாம். பிடிக்காத ஆளாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது காரியம் மதில்.

பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரி மேல் துண்டில் வழுக்கி விழுந்தாள். கால் சுளுக்கிக்கொண்டது. அத்தான் பயந்துவிட்டார். இனி யாரும் விழக் கூடாது என்று மேசனைக் கூப்பிட்டுப் படிக் கல்லுக்கு நடுவில் இருக்கிற இடுக்கையெல்லாம் சீமெந்து வைத்து அடைத்தார். அதில் பிழை சொல்ல மாட்டேன். விழுந்தால் யார் பொறுப்பு. வேலை முடிய, குழைத்த சீமெந்து மிஞ்சிவிட்டது. வீணாக்க வேண்டாம் என்று அதை மதிலின் இடுக்குகளுக்கும் அப்பினார்கள். அப்பினதும் மதில் பாதி ஒரு நிறம், பாதி ஒரு நிறமாக இருந்தது. அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் சீமெந்து எடுத்து மதில் முழுக்கப் பூசினார். கல்லைச் சுற்றி வெள்ளைக் கோடும் இழுத்தார்.

நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் மதில் மாதிரி. வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானும் பேராதனைக்குப் பஸ் ஏறினேன். சீமெந்துக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மூட்டைகள் வந்து இறங்கின. என் துண்டையும் அப்படிப் பூசினால் ஆட்கள் பலா மரத்தைத் தாண்டி வருவார்கள் என்று நினைத்தேன். மேசன் வருகிறேன் வருகிறேன் என்றார். வரவில்லை. அம்பிட்டியவில் ஒரு வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூட்டை கொட்டிலில் கிடந்து கல்லாகிப் போனது. என் துண்டு என் புத்தியால் தப்பவில்லை. மேசன் வராததால் தப்பினது. இதை யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதீர்கள்.

மழை விடாமல் பெய்தது. பல இடத்தில் மண்சரிவு என்று ரேடியோவில் சொன்னார்கள். ஒரு மத்தியானம் அக்கா போன் பண்ணினாள்.

"தம்பி, மதில் ஒரு மாதிரி இருக்கு. வந்து பாரு."

என் துண்டு வழியாகத்தான் ஏறிப் போனேன். என் பக்கத்து மதிலில் ஒவ்வொரு இடுக்காலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தெளிவான தண்ணீர். மதில் முழுக்க அழுகிற மாதிரி வழிந்தது. பலா மரத்தைத் தாண்டினேன். அத்தானின் மதிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. ஆனால் நடு இடம் வெளியே தள்ளி வயிறு வைத்திருந்தது. அடியில் மட்டும் ஓர் ஓரத்தால் மண் தண்ணீர் கசிந்தது. தேத்தண்ணி நிறம்.

எனக்கு அப்போது விளங்கினது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே மதில். கீழே தண்ணீர் வெளியே வருகிறது. மேலே உள்ளே நிற்கிறது. நின்ற தண்ணீர் மதிலைத் தள்ளுகிறது. மதில் போனால் படியும் அதோடு பள்ளத்துக்குப் போகும். பிறகு அந்தப் பாதை உலகத்தில் எங்கேயும் இல்லை. என்னிடம் இருப்பது வெறும் வால்.

அத்தான் குடையோடு நின்றார்.

"அத்தான், சீமெந்தை உடைக்கணும்."

"என்ன?"

"அடியில ஒடச்சு விடணும். தண்ணி வெளிய வரணும்."

"மாப்ளே, நாளைக்கு ஆள் வருது. பெரிய கூட்டம். சாப்பாடும் சொல்லியாச்சு. மழை விடட்டும், மேசன்கிட்டக் கேட்டுப் பார்ப்போம்."

"மழை விடும்போது மதில் இருக்காது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பூசின நாள்லேருந்து ஒங்க கண்ணு இதுல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஒங்க கொட்டில்ல சீமெந்து மூட்டை கெடக்குறதும் தெரியும். ஒங்களுக்கு முடியல, அதால இதை ஒடைக்கணும். அப்படித்தானே?"

அவர் சொன்னது பொய் இல்லை. அந்த மதிலை உடைக்க எனக்கு ஆசையாக இருந்தது. கல் பெயர்க்கிற அலவாங்குக் கம்பி ஒன்று வீட்டுச் சுவரோரம் சாத்தியிருந்தது. அதைப் பார்க்கும்போதே கை அரித்தது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். செய்ய வேண்டிய காரியமும் செய்ய ஆசைப்படுகிற காரியமும் ஒன்றாக வந்தால் மனுஷன் தன்னையே நம்ப முடியாது. நான் தண்ணீரைப் பார்த்துச் சொல்கிறேனா, வயிற்றெரிச்சலில் சொல்கிறேனா? திரும்பவும் பலா மரத்தடிக்கு இறங்கி என் மதிலைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் வந்துகொண்டிருந்தது. திரும்ப ஏறினேன். அக்கா வாசலில் நின்றாள். காணி அவள் பேரில்.

"அக்கா, எனக்கு இதை ஒடைக்க ஆசையா இருக்கு. அத்தான் சொல்றது சரி. அதால நான் சொல்றதை நம்பாதே. நீயே கீழ எறங்கி என் மதிலைப் பாரு. பிறகு வந்து இதைப் பாரு. பார்த்துட்டு நீ சொல்லு."

அத்தான் சிரித்தார். "பாத்தியா, அவரே ஒத்துக்கிட்டார்."

அக்கா பாவாடையைச் சொருகிக்கொண்டு மழையில் இறங்கினாள். நாங்கள் இருவரும் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் திரும்பி ஏறும்போது மதிலின் மேல் மூலை சத்தமில்லாமல் கழன்றது. கல்லும் மண்ணும் வெள்ளைக் கோடும் ஒன்றாகப் பள்ளத்தில் இறங்கின. ஹந்தானையைப் பார்க்க ஆட்கள் நிற்பார்களே, அந்த இடம். அப்பா உட்கார்ந்து வெற்றிலை போடுகிற கல்லும் அதோடு போனது.

அக்கா அலவாங்கை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஒனக்கு எரியுதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். எரிஞ்சா எரியட்டும். ஒடை."

"ஏய், நான் சொல்றதை..." என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க. தண்ணிக்கு ஒங்க பேச்சு வெளங்காது."

நேர் எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று அடித்தேன். மதில் விழுந்தால் எதிரில் நிற்கிறவன்தான் முதலில் போவான். அதை மட்டும் மறக்காதீர்கள். முதல் அடியிலேயே சீமெந்து ஓடு மாதிரிப் பெயர்ந்தது. ஓட்டை வழியாக மண் தண்ணீர் பீறிட்டு என் நெஞ்சில் அடித்தது. தள்ளிப் போய் அடுத்த இடத்தில் அடித்தேன். அடிக்க அடிக்கச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். வெள்ளைக் கோட்டின் மேலேயே குறி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே மழை நின்றது. பார்த்தால் அத்தான் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் உள்ளாடை வரைக்கும் நனைந்தாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

"அங்க ஒண்ணு, மாப்ளே. அங்கயும் வயிறு வச்சிருக்கு," என்று அவரே காட்டினார். குரல் நடுங்கினது. அன்றைக்கு அவருக்கும் அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

பொழுது சாயும்போது மதில் முழுக்க ஓட்டை. ஓட்டை எல்லாவற்றாலும் தண்ணீர். முதலில் மண் நிறம், போகப் போகத் தெளிந்தது. மேல் மூலை போனது போனதுதான். மற்றது நின்றது.

அடுத்த நாள் மழை விட்டிருந்தது. கூட்டம் வந்தது. நான் கீழே போஞ்சிப் பாத்தியில் இருந்தேன். மேலே அத்தானின் குரல் கேட்டது. நடுக்கமெல்லாம் போய்விட்டது.

"இந்த ஓட்டைகளைப் பாருங்க. ஏன் ஒடச்சோம் தெரியுமா? கோப்பிக் காலத்து ஆளுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல. மதிலும் மூச்சு விடணும்!"

கைதட்டல். நான் போஞ்சிக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அவர் உடைச்சோம் என்றுதான் சொன்னார், உடைச்சேன் என்று சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நியாயமானவர். மூச்சு என்று சொன்னாரே, அது எனக்கு ஆயுசுக்கும் வந்திருக்காது. நான் தண்ணி வரணும் என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. அதைக் கேட்டு யார் கைதட்டுவார்கள்.

ஒரு நாள் அத்தான் என்னைக் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனார். கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினார். இவர்தான் உடைத்தவர், இவரே சொல்வார் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "தண்ணி போகணும்," என்றேன். ஆட்கள் அத்தானைப் பார்த்தார்கள். என் இரண்டு வார்த்தையை அவர் இங்கிலீசில் சொன்னார். நீளமாகச் சொன்னார். கையை வேறு ஆட்டினார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்து வந்து அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

இப்போது முழங்கால் வலியில் எனக்குப் படி ஏற முடிவதில்லை. காணி வேலையை மகன் பார்க்கிறான். அக்கா இரண்டு துண்டையும் ஒன்றாக்கி உங்கள் கையில் தந்திருக்கிறாள். பலா மரத்தைத் தாண்டிக் கடைசிப் படி வரைக்கும் ஆட்களைக் கூட்டிப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதை நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னது.

மதிலை என் பக்கத்தில் பார்த்துப் படியுங்கள். மழை நாளில் போய்ப் பாருங்கள். உங்களில் ஒருவருக்கு மற்றவர் மேல் எரிச்சல் வரும். ஒரே வேலை செய்கிற இடத்தில் வராமல் இராது. வந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு, எரிச்சல் இல்லாத ஒருவரைக் கூட்டிவந்து மதிலைக் காட்டுங்கள்.

ஆட்களிடம் பேசுவதை அத்தானிடம் படியுங்கள். அவரை மாதிரிப் பேச இந்த மலையில் ஆள் இல்லை. அவர் பேசும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் எவ்வளவு நன்றாகப் பேசினார் என்று என்னிடம் வந்து மட்டும் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியும்.